பெர்மனென்ட் எப்போ, சார்?

ஒரகடம் கூட்டு ரோட்டில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டிய காட்சி. கம்பெனி பஸ்கள் யானை ஊர்வலம் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றிலிருந்தும் கழுத்தில் அட்டை, முதுகில் பை, காதில் பாட்டு சகிதமாக இளைஞர்கள் உதிர்வார்கள். கார் பண்ணுகிறவர்கள், லாரி பண்ணுகிறவர்கள், புல்லட் பண்ணுகிறவர்கள், டயர் பண்ணுகிறவர்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் ஏரியும் வயலும் பொட்டலுமாக இருந்தது என்று சொன்னால் அந்தப் பையன்கள் நம்பமாட்டார்கள்.

இங்கே மனிதர்களில் நாலு ஜாதி. அப்ரன்டிஸ், ட்ரெய்னி, கான்ட்ராக்ட், பெர்மனென்ட். விஷயம் தெரிந்தவர்கள் சட்டையின் நிறத்தைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். கல்யாணத் தரகரைக் கேட்டுப் பாருங்கள். பையன் என்ன படித்திருக்கிறான், என்ன சம்பளம் என்பதெல்லாம் மூன்றாவது, நாலாவது கேள்வி. முதல் கேள்வி ஒரே வார்த்தை: "பெர்மனென்டா?"

கூடைப்பந்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் எதற்காக ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. உலகத்திலேயே அதிகப் பணம் புரளும் கூடைப்பந்து அமெரிக்காவின் என்.பி.ஏ. அங்கேயும் இதே நாலு ஜாதிதான். அங்கேயும் முதல் கேள்வி இதேதான்.

*

முதலில் காட்சிப் போட்டி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கணக்கில் சேராத போட்டி. ஜெயித்தால் புள்ளி கிடையாது, தோற்றால் நஷ்டம் கிடையாது. நம்ம பாஷையில் சொன்னால், பெண் பார்க்கும் படலம். சொஜ்ஜி உண்டு, பஜ்ஜி உண்டு, மாமாக்கள் ஜோக் அடிப்பது உண்டு. தாலி மட்டும் கிடையாது. ஹாலுக்கு வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டு நிற்கிறதே பெண், அதுதான் புதுசாக ஒப்பந்தமான இளம் வீரர். சொஜ்ஜி பஜ்ஜி செலவை ஒரு கம்பெனி ஏற்றுக்கொண்டு, தட்டுக்குத் தட்டு தன் பெயரை அச்சடித்துக்கொண்டால் அதற்கு ஸ்பான்சர்ஷிப் என்று பெயர்.

என்.பி.ஏ. சீசன் வழக்கமாக அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கும். அதற்கு முன்னால் சில காட்சிப் போட்டிகள். ஒரு டீமில் நிரந்தர நாற்காலி மொத்தம் 15. பெரிய டீமில் கொஞ்ச நாள், அதன் தம்பி டீமில் கொஞ்ச நாள் என்று இரண்டு இலையில் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் மூன்று ஸ்டூல். (தம்பி டீம்கள் ஆடும் போட்டிக்கு ஜி லீக் என்று பெயர்.) ஆனால் பயிற்சி முகாமுக்கு இருபது, இருபத்தோரு பேர் வரை கூப்பிடலாம். ம்யூசிக்கல் சேர் ஆடியிருப்பவர்களுக்குக் கணக்கு புரிந்திருக்கும். பாட்டு நிற்கும்போது சிலர் நின்றுகொண்டிருப்பார்கள்.

இப்படிக் கடைசி நாற்காலிக்காக வருகிற பையன்கள் பலர் கையெழுத்துப் போடும் காகிதத்துக்கு 'எக்ஸிபிட் 10' என்று பெயர். எக்ஸிபிஷன் மேட்ச் ஆடுவதால் வந்த பெயர் இல்லை. வக்கீல்கள் வைத்த பெயர். ஒப்பந்தத்தோடு சேர்க்கும் பத்தாவது இணைப்பு. தாலுகா ஆபீஸ் பாஷையில் 'இணைப்பு-10'. ஒரு வருஷ ஒப்பந்தம், குறைந்தபட்ச சம்பளம், உத்தரவாதம் கிடையாது. சீசன் தொடங்குவதற்குள் "தம்பி, போய்ட்டு வாப்பா" என்று சொல்லிவிடலாம். சொன்ன பிறகும் பையன் வேறு தேசத்துக்கு ஆடப் போய்விடாமல், அதே முதலாளியின் ஜி லீக் டீமில் 60 நாள் இருந்தால் ஒரு போனஸ் உண்டு.

இதை ஒரகடத்தில் யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். "இது எந்த கம்பெனி சார்? எங்க கான்ட்ராக்டர் எழுதின மாதிரியே இருக்கே!" என்பார்கள்.

*

இந்தியாவில் இந்தப் பெண் பார்க்கும் வைபவம் தடபுடலாக நடந்தது 2019-ல். அக்டோபர் 4, 5 தேதிகள். மும்பை வொர்லியில் என்.எஸ்.சி.ஐ. அரங்கம். சாக்ரமென்டோ கிங்ஸ், இண்டியானா பேஸர்ஸ். இரண்டு என்.பி.ஏ. டீம்கள் இந்திய மண்ணில் மோதியது அதுதான் முதல் தடவை. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஹூஸ்டனில் 'ஹௌடி மோடி' கூட்டம் நடந்ததே, ஞாபகமிருக்கிறதா? அந்த மேடையில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப்பே இந்த மேட்சுக்கு விளம்பரம் செய்தார். கூப்பிட்டால் நானே வந்தாலும் வருவேன் என்று தமாஷ் வேறு. வரவில்லை. அவருக்கென்ன, அவர் பெர்மனென்ட் இல்லை. நாலு வருஷக் கான்ட்ராக்ட். (2024-ல் ரென்யூவல் கிடைத்தது தனிக் கதை.)

முதல் நாள் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தது பள்ளிக்கூடப் பட்டாளம். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷனின் ஜூனியர் என்.பி.ஏ. திட்டத்தில் விளையாடும் சுமார் 3000 பிள்ளைகள். ஆட்டம் முடியும்போது ஸ்கோர் சமம். உடனே ஓவர் டைம்! (ஓ.டி. என்றதும் ஒரகடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.) கணக்கிலேயே சேராத ஆட்டத்துக்கு ஐந்து நிமிஷம் கூடுதல் ஆட்டம். கடைசியில் 132–131 என்று ஒரே ஒரு பாயிண்டில் பேஸர்ஸ் ஜெயித்தது. மறுநாளும் அவர்கள்தான், 130–106. அந்தப் பிள்ளைகளுக்குப் புள்ளிப் பட்டியல் பற்றி என்ன கவலை? கூரை பிய்த்துக்கொள்ளக் கத்தினார்கள். அந்தக் கத்தல் நிஜம். காட்சிப் போட்டியைக் கிண்டல் செய்கிற நானும் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதில் வேடிக்கை ஒன்று. கிங்ஸ் டீமின் முதலாளி விவேக் ரணதிவே மும்பையிலேயே பிறந்தவர். அமெரிக்கா போய் சாஃப்ட்வேரில் சம்பாதித்து, 2013-ல் ஒரு குழுவாகச் சேர்ந்து அந்த டீமை வாங்கினார். சொந்த ஊருக்கு டீமைக் கூட்டிவந்தது அவருக்கு எத்தனை பெருமையாக இருந்திருக்கும்! ஆனால் களத்தில் ஓடியவர்களில் ஒரு ஆள் இந்தியர் இல்லை.

ஒரகடத்தில் முதலாளி ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், கொரியா. வேலை செய்கிறவர்கள் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை. மும்பையில் அது அப்படியே தலைகீழ். முதலாளி நம்ம ஊர்க்காரர், வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் வெளிநாடு. மாப்பிள்ளை இல்லாமல் நடந்த ரிசப்ஷன். சாப்பாடு பிரமாதம், பாட்டுக் கச்சேரி பிரமாதம், மேடையில்தான் நம்ம பையன் இல்லை.

சீனாவில் வரிசை வேறு மாதிரி. 2002-ல் ஷாங்காய்க்காரர் யாவ் மிங், ஏழரை அடி உயரம், ஹூஸ்டன் ராக்கெட்ஸ் டீமுக்கு அந்த வருஷத்தின் முதல் தேர்வாகப் போனார். இரண்டு வருஷம் கழித்து, 2004 அக்டோபரில், ராக்கெட்ஸ் ஷாங்காயிலும் பீஜிங்கிலும் காட்சிப் போட்டி ஆடியது. எதிர் டீம் யார் என்கிறீர்கள்? இதே கிங்ஸ்தான்! ஷாங்காய் ஜனங்கள் பார்க்கப் போனது கிங்ஸையா, ராக்கெட்ஸையா? எதிர்வீட்டுப் பையனை. அங்கே முதலில் பையன், அப்புறம் காட்சி. இங்கே முதலில் காட்சி.

*

நம்ம பையன்களே இல்லையா என்று கேட்டால், இருந்தார்கள். மூன்று பேர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாமவர் சிம் புல்லர். கனடாவில் பிறந்த பஞ்சாபிப் பிள்ளை. 7 அடி 5 அங்குலம். 2015 ஏப்ரலில் அதே சாக்ரமென்டோ கிங்ஸ் அவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. எத்தனை நாளைக்கு? பத்து நாளைக்கு! நான் கதை விடவில்லை. என்.பி.ஏ.வில் பத்து நாள் ஒப்பந்தம் என்றே ஒன்று சட்டபூர்வமாக இருக்கிறது. நம்ம ஊரில் புது மாப்பிள்ளை விருந்துகூட அதைவிட அதிக நாள் நடக்கும். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. மொத்தம் மூன்று ஆட்டம், அதிலும் சில நிமிஷங்கள். அப்புறம் நாற்காலி இல்லை. உலகம் பூராவும் டெலிவிஷனில் அவர் முகம் தெரிந்தது. அந்தப் பத்து நாளில் அதிகம் ஆதாயம் அடைந்தது பையனா, டீமா என்று இப்போதும் விவாதிக்கலாம்.

இரண்டாமவர் சத்னம் சிங். பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமம். 2010-ல், பதினாலு வயசில், ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் உதவித்தொகையில் ஃப்ளோரிடா பயிற்சிப் பள்ளிக்குப் போனார். 2015 ஜூனில் டல்லாஸ் மாவரிக்ஸ் அவரை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் பெயர் வாசிக்கப்பட்ட முதல் இந்தியர். பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. 'ஒன் இன் எ பில்லியன்' என்று டாகுமென்டரி எடுத்தார்கள். ஆனால் தேர்வு என்பது வேறு, நாற்காலி என்பது வேறு. இரண்டு சீசன் டல்லாஸின் தம்பி டீமில் ஆடினார். பெரிய டீமுக்காக ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடவில்லை. திரும்பினார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 2020-ல் இரண்டு வருஷத் தடை. 2021-ல் ஓர் அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. டி.வி.யில் காட்டுகிறார்களே, அந்த மல்யுத்தம். காட்சிப் போட்டியில் தொடங்கி, முழுநேரக் காட்சிக்கே போய்ச் சேர்ந்தார்.

மூன்றாமவர் பிரின்ஸ்பால் சிங். இவரும் பஞ்சாப், குர்தாஸ்பூர் பக்கம். டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் என்.பி.ஏ. நடத்திய அகாடமியில் தேறியவர். 2020-ல் ஜி லீக் இக்னைட் என்ற டீம் அவரை ஒப்பந்தம் செய்தது. இளம் வீரர்களைப் பெரிய டீம்களின் கண்ணில் படும்படி வைப்பதற்கென்றே உண்டாக்கிய டீம் அது. ஷோ கேஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2021 கோடையில் லாஸ் வேகாஸில் நடந்த சம்மர் லீகில் கிங்ஸ் (மறுபடியும் கிங்ஸ்!) சட்டை போட்டார். அந்த வருஷம் சம்மர் லீக் கோப்பை கிங்ஸுக்குத்தான். என்.பி.ஏ. கோப்பை ஒன்றை ஜெயித்த டீமில் இருந்த முதல் இந்தியர் என்று பெயர் வந்தது. ஆனால் அக்டோபரில் சீசன் தொடங்கியபோது பதினைந்து நாற்காலியில் அவருக்கு ஒன்று இல்லை. ஷோ கேஸே 2024-ல் மூடப்பட்டுவிட்டது.

மூவரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஏழடிப் பையன்கள் ஏணி இல்லாமல் ஏறிய உயரம் அது. எனக்கு ஒரே கேள்விதான். தூக்கிக் காட்டுகிறவர்கள் கையை எடுத்துவிட்டால், கீழே மெத்தை இருக்கிறதா?

*

இந்த இடத்தில் நம்ம ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

கூடைப்பந்து பிறந்தது 1891-ல். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பீச் பழக் கூடை இரண்டை எடுத்து மாடிக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் வளையம் பத்தடிதான். அவர் வேலை பார்த்தது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. அதே ஒய்.எம்.சி.ஏ. 1920-ல் சென்னையில் ஹாரி பக் தலைமையில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். அங்கிருந்து கிளம்பிய டிரில் மாஸ்டர்கள் தமிழ்நாடு முழுக்க விசில் ஊதிக்கொண்டு பரவினார்கள்.

அதனால்தான் கோயமுத்தூரில் பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை என்று அகில இந்தியப் போட்டிகள் வருஷக்கணக்காக நடந்து வருகின்றன. பெரியகுளத்தில் கோடைக்காலத்தில் ராத்திரி லைட் போட்டு நடக்கும் போட்டிக்கு ஊரே திரளும். அமெரிக்காவில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதை, வெற்றிலை போட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

அந்த மைதானங்களின் ஓரத்தில் பேப்பரும் பேனாவுமாகச் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ், வருமான வரி. பையன் நன்றாக ஆடினால் அவனுக்குக் கிடைப்பது பத்து நாள் ஒப்பந்தம் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. காலையில் பிராக்டிஸ், அப்புறம் கவுன்ட்டர், சீசனில் ஆன்-டியூட்டி, வயசானால் பென்ஷனோ பி.எஃப்.போ. கோடி ரூபாய் வராது. ஆனால் முழங்கால் சவ்வு கிழிந்தாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வரும்.

இதில் கனவு செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு கீத்து அன்னா ஜோஸ் கதையைச் சொல்லுங்கள். கோட்டயத்துப் பெண், தெற்கு ரயில்வே ஊழியர். ஆஸ்திரேலியாவில் போய் ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ என்று மூன்று டீம்களிடம் தேர்வுக்குப் போனார். இடம் கிடைக்கவில்லை. அதனால் குடி முழுகிப் போய்விட்டதா? திரும்பி வந்தார், ரயில்வேக்கும் இந்தியாவுக்கும் ஆடினார், 2014-ல் அர்ஜுனா விருது வாங்கினார். சென்னையின் அனிதா பால்துரை, அவரும் தெற்கு ரயில்வே. 19 வயசில் இந்திய கேப்டன். பதினெட்டு வருஷம் தேசிய அணி. 2021-ல் பத்மஸ்ரீ. பெயர் பொறித்த ஷூ அவருக்கு எந்த கம்பெனியும் போட்டதாகத் தெரியவில்லை. மெத்தை மட்டும் இருந்தது. மெத்தை இருப்பவர்கள் தைரியமாகத் தாவலாம்.

தனியார் கம்பெனிகளால் முடியாது என்றும் சொல்ல முடியாது. சென்னை கிரிக்கெட்டை இத்தனை வருஷம் தூக்கி நிறுத்தியது யார்? இந்தியா சிமென்ட்ஸ், கெம்ப்ளாஸ்ட், இந்தியா பிஸ்டன்ஸ் மாதிரி கம்பெனிகள். ராகுல் திராவிட்டே இந்தியா சிமென்ட்ஸ் உத்தியோகஸ்தராக இருந்தவர்தான். சிமென்ட் மூட்டை தூக்கினாரா என்று கேட்காதீர்கள். சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தது, அதுதான் விஷயம்.

*

இப்போது ஸ்பான்சர் விஷயம். ஸ்பான்சரை வள்ளல் என்று நினைப்பவர்கள் நம்ம கல்யாண வீட்டு மொய்யை நினைத்துக்கொள்ள வேண்டும். மைக்கில் பெயர் சொன்னால்தான் மொய். நோட்டில் எழுதி வைத்தால்தான் மொய். திரும்ப வரும் என்று தெரிந்தால்தான் மொய். அதில் தப்பே இல்லை. மொய் இல்லாவிட்டால் பாதிக் கல்யாணம் நடக்காது. ஆனால் மொய் எழுதியவர் பெண்ணைக் காலம் பூரா காப்பாற்றுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இந்திய கிரிக்கெட் சட்டையைப் பாருங்கள். சஹாரா, ஸ்டார், ஓப்போ, பைஜூஸ், ட்ரீம் 11... ஒவ்வொன்றாக வந்தார்கள், போனார்கள். பைஜூஸிடம் சட்டைப் பாக்கி 158 கோடி என்று கிரிக்கெட் போர்டே கோர்ட்டுக்குப் போனது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025-ல் தடைச் சட்டம் வந்ததும் ட்ரீம் 11 சட்டையைக் கழற்றியது. 2025 செப்டம்பரில் வந்தது அப்போலோ டயர்ஸ். 2028 வரைக்கும் 579 கோடி ரூபாய். அந்த டயர் கம்பெனிக்கு ஓர் ஆலை எங்கே இருக்கிறது? நம்ம ஒரகடத்தில்! பஸ்ஸை விட்டு இறங்குகிற பையன்களில் சிலர், இந்திய கேப்டன் நெஞ்சில் இருக்கிற பெயரைத் தினமும் ரப்பரில் அச்சடித்துவிட்டு வருகிறவர்கள்.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூருக்கு இந்தப் பெருமை ஏற்கெனவே வந்து போன ஒன்று. 2006-ல் நோக்கியா ஆலை. ஷாருக் கானின் கொல்கத்தா டீம் சட்டையில் நோக்கியா பெயர் ஜொலித்தது. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. சட்டையில் வேறு பெயர் வந்துவிட்டது. ஆலையில் இருந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதில் முக்கால்வாசி பெண்கள், வேறு வேலை தேடிப் போனார்கள். சட்டைக்கு அடுத்த ஸ்பான்சர் சீக்கிரம் கிடைத்துவிடுவார். ஆளுக்குத்தான் கிடைக்க நாளாகும்.

*

எனக்குத் தெரிந்த ஒரு பையன். விழுப்புரம் பக்கம். டிப்ளமா மெக்கானிகல். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் புண்ணியத்தில் கூடைப்பந்து கற்றவன், மாவட்டம் வரைக்கும் ஆடியிருக்கிறான். ஒரகடம் பக்கத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட். கம்பெனியின் ஆண்டு விழாவுக்குக் காட்சிப் போட்டி வைத்தார்கள். புதுப் பந்து, புது பனியன், முதுகில் லோகோ. பையன் வெளுத்து வாங்கிவிட்டான். வெளிநாட்டு எம்.டி. கை குலுக்கினார். அவன் எம்பிப் பந்து போடுகிற போட்டோவை எட்டுக்குப் பத்து ஃப்ளெக்ஸில் அடித்து கேட் வாசலில் கட்டினார்கள். 'எங்கள் இளம் புலிகள்' என்று கீழே எழுத்து.

இரண்டே வாரத்தில் பதினோரு மாசம் முடிந்தது.

"பிரேக் குடுத்துட்டாங்க சார்" என்றான்.

"புலின்னு போட்டிருந்தாங்களேப்பா?"

"புலிக்கும் பதினோரு மாசம்தான் சார். கடைசி நாள் எச்.ஆர். கிட்ட அந்த ஃப்ளெக்ஸைக் கேட்டேன். எடுத்துட்டுப் போடான்னுட்டாரு. வீட்ல மாட்டுக் கொட்டாய் மேல போட்டிருக்கோம். இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகல. லோகோ இருக்கிற மூலைதான் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு."

அவனுக்கு எக்ஸிபிட் 10, பத்து நாள் ஒப்பந்தம் எல்லாம் விளக்கினேன். வாயைப் பிளந்து கேட்டான்.

"அமெரிக்காவுலயுமா சார்? சரி, அவங்களுக்கு பெர்மனென்ட் எப்போ சார்?"

"முதல் ரவுண்டில் தேர்வானால் முதல் இரண்டு வருஷச் சம்பளத்துக்கு உத்தரவாதம் உண்டு. மற்றவர்கள் ஆடி ஆடித்தான் வாங்கணும், தம்பி."

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆனா அவங்களுக்கு என்னன்னு எழுதிக் குடுத்துடறாங்க இல்ல சார்? பத்து நாள்னா பத்து நாள்னு. எனக்கு யாரும் எதுவும் எழுதிக் குடுக்கலையே. நல்லா ஆடினா பாத்துக்கலாம்னுதானே சொன்னாங்க."

நான் இத்தனை பக்கம் எழுதியதைப் பையன் இரண்டு வரியில் முடித்துவிட்டான். பத்து நாள் ஒப்பந்தம் கொடுமைதான். அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது. காட்சிக்கு வைக்கப்படுகிறவனுக்குத் தான் காட்சிப் பொருள் என்பதும், எத்தனை நாளைக்கு என்பதும், என்ன கூலி என்பதும் காகிதத்தில் தெரியும்.

*

சரி, கம்பெனிகளைத் திட்டிவிட்டு எழுந்து போனால் ஆயிற்றா? வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டம், 135-வது பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள், கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதம் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதெற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று ஏழாவது அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. கிராமிய விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சி அதில் உண்டு. கூடைப்பந்து ஒலிம்பிக் விளையாட்டு.

இதன் விதிகளை 2021-ல் திருத்தியபோது அழகான வரி ஒன்றைச் சேர்த்தார்கள். தன் சரக்குக்கு விளம்பர லாபம் தேடி ஸ்பான்சர் செய்தால் அது இந்தக் கணக்கில் வராது. அதாவது மொய் வேறு, தர்மம் வேறு என்று சர்க்காரே பிரித்து வைத்திருக்கிறது. கேட் வாசல் ஃப்ளெக்ஸ் மொய். பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் 28 மீட்டருக்கு 15 மீட்டர் சிமென்ட் தளம் போட்டு, பத்தடியில் இரண்டு வளையம் நட்டு, ஒரு கோச்சுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால் அது தர்மம்.

இந்தப் பக்கத்தில் கார் ஓட்டிப் பார்க்கத் தளம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ஓட்டவே தனி ரோடு இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வருகிற பையன் பந்து போட ஓர் இடம் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. காட்சிப் போட்டியும் தாராளமாக நடக்கட்டும். ஃப்ளெக்ஸும் கட்டட்டும். முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது இரண்டே இரண்டு பொருளை மட்டும் விட்டுவிட்டுப் போகட்டும்: தரையில் நட்ட ஒரு வளையம், பையன் கையில் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம். பெர்மனென்ட் என்று எழுதியிருந்தால் சந்தோஷம். பதினோரு மாசம் என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, எழுதியாவது இருக்கட்டும்.

பையன் இப்போது ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து போடக் கற்றுத் தருகிறானாம், சாயங்காலத்தில். கூலி கிடையாது. பகலில் வேறொரு கான்ட்ராக்டர் கிடைப்பாரா என்று போன் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் கதையை எழுதட்டுமா என்று கேட்டேன். தாராளமாக எழுதச் சொன்னான். ஒரே ஒரு நிபந்தனை.

"கம்பெனி பேரு மட்டும் போட்டுடாதீங்க சார். அடுத்த வருஷ ஆண்டு விழாவுக்கு ஆள் வேணும்னு திரும்பக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க."